குதிரையின் மேல் என் இடது கால்

என் இடது கால் முதலில் தறியில்தான் என்னைக் கைவிட்டது. மிதிகட்டையை அழுத்திவிட்டதாக நினைப்பேன். கால் அசைந்தே இருக்காது. சேலையில் இழை தப்பும். சென்னையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய். மருந்து அதன் வேகத்தைக் குறைக்கும், முழுவதும் போக்காது என்று விளக்கினார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

பார்ப்பவர்களுக்கு நான் நன்றாகத்தான் தெரிந்தேன். மதியத்துக்குள் கை கால் ஓய்ந்து படுத்துவிடுவேன். கணவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் அவர் மனதில் ஏறவில்லை. ஒருநாள் போனில் தன் அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது: "எப்ப பாரு படுத்துக்கினே இருக்கா. மனசுல தெம்பு இல்ல, அவ்ளோதான்."

மூன்று வருடம் கழித்து, எனக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் குதிரைப் பேச்சை எடுத்தாள். ஏனாத்தூர்ப் பக்கம் பாய் ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரைகள் வைத்திருந்தார். அவற்றில் வயதான வெள்ளைக் குதிரை ஒன்று சாது.

"குதிரை நடக்கிறப்ப உங்க இடுப்பும் நடக்கிற மாதிரியே அசையும், அக்கா. கால் இறுக்கம் கொஞ்சம் விடும். நோய் போயிடும்னு நான் சொல்லல."

டாக்டரும் சரி என்றார். வெயில் ஏறினால் எனக்குக் கண் மங்கும், கால் துவளும். அதனால் காலை ஆறரைக்கே போவோம். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, வேலிக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள், மரமேடையிலிருந்து என் காலைத் தூக்கி மறுபக்கம் போட மூன்று பேர் வேண்டியிருந்தது. சேணம் கிடையாது, கெட்டிக் கம்பளி மட்டும். தொடைகள் இறுகி, முழங்கால்கள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. பாய் கயிற்றைப் பிடித்தபடி அவசரமில்லாமல் நின்றார். குதிரையின் சூடு கம்பளி வழியாக ஏற ஏற, கால்கள் மெல்லக் கீழே இறங்கின. பிறகுதான் நடத்தினார். வலப்பக்கம் பிசியோதெரபிஸ்ட், இடப்பக்கம் பாயின் மகள், ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

ஐந்தாவது வாரம் பாயின் மகள் வரவில்லை. பிசியோதெரபிஸ்ட் வேலிப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க வாங்க. அக்கா காலைப் பிடிச்சிக்கினு நடந்தா போதும்."

அவர் வந்து ஒரு கையைத் தொடையிலும் ஒரு கையைக் கணுக்காலிலும் வைத்தார். பாதிச் சுற்று போனதும் என் குதிகால் வழக்கம்போல் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது.

"காலை ஆட்டாத," என்றார்.

"நான் ஆட்டல."

அவர் அழுத்திப் பிடித்தார். உள்ளங்கைக்குள்ளேயே அது துடித்தது.

"அது நரம்பு பண்றது அண்ணா. அழுத்தாதீங்க, சும்மா புடிங்க," என்றாள் பிசியோதெரபிஸ்ட். பாய் குதிரையை நிறுத்தினார்.

கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எத்தினி நாளா இப்படி?"

"மூணு வருஷமா."

அவர் மறுபடி காலைப் பிடித்தார், இந்த முறை அழுத்தாமல். துடிப்பு அடங்கியதும் இன்னும் நாலு சுற்று நடந்தார். அவருடைய செருப்பு ஒன்று மணலில் கழன்று கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து என் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுல இன்னா எழுதிக்கீது, சொல்லு." தெரிந்த வரைக்கும் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தது அதற்கப்புறம்தான். என் வாய்ச்சொல் போதாமல் ஒரு குதிரை வேண்டியிருந்ததே என்று. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

போன கோடையில் நோய் திரும்பவும் வந்து வலது கண் மங்கியது. இரண்டு மாதம் குதிரை ஏறவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம். இறங்கியதும் ஸ்கூட்டர்வரை கைத்தடி இல்லாமல் நடக்க முடிகிறது. சாயங்காலத்துக்குள் இறுக்கம் திரும்பிவிடும். தறியில் நான் உட்காருவதில்லை. நூல் சுற்றிக் கொடுக்கிறேன், அதற்குக் கைகள் போதும்.

இடப்பக்கம் என் கணவர்தான் நடக்கிறார். ஞாயிறு காலையில் தூங்க முடிகிறது என்று பாயின் மகளுக்கு அதில் சந்தோஷம்.