இருக்கை இருந்தும் நின்று வந்தவர்

பெங்களூர் போகும் காலை ரயிலில், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் ஏறும் அந்த அம்மாளுக்கு நாங்கள் துண்டு போட்டு இடம் பிடித்துவைப்போம். அவர் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார். கார்மெண்ட்ஸ் ஆலையில் நாளெல்லாம் உட்கார்ந்து தைத்து அவர் முதுகு கெட்டிருந்தது; உட்கார்ந்தால் வலிக்கும்.

ஜூன் மாத முதல் செவ்வாய்க்கிழமை செல்போனை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு வீடியோ: பாயில் படுத்துக் காலைத் தூக்கும், பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி.

“அண்ணா, எந்நேரமும் படிக்கிறீங்களே, இத செஞ்சா முதுகு சரியாவுமா, இன்னும் கெட்டுப்பூடுமா?”

“தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்து மெதுவா சொல்லிக்குடுத்தா நல்லதும்மா. காலு மரத்துப்போவுதா?”

“எடது காலு, ஒரு மாசமா.”

“அப்போ மொதல்ல டாக்டர பாருங்க. அதுவரைக்கும் இது வேணாம்.”

“ஞாயித்துக்கெழம டாக்டர் இல்ல. மத்த நாள் லீவு போட்டா, என் மெஷின்ல வேற ஆள உக்கார வெச்சிடுவாங்க. டாக்டர இந்த ரயில்ல ஏத்தி உடுங்கண்ணா, காட்டிக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறு வாரம், வீடியோவைப் பார்த்துத் தானே செய்யத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். “காலு மரத்துப்போறது கூடினா அன்னைக்கே நிறுத்திடுங்கம்மா” என்றேன். அன்றும் அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வந்தார்.