‘ஓடட்டும்’ என்று சொல்பவர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால் குனிந்து, ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரின் முனையை அதன் அடிவயிற்றில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடியாயிற்று. வந்தது என் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க. அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “அண்ணா, காய்ச்சல் எனக்கு” என்கிறாள்.

“இரும்மா, இதுக்கும் லேசா இருக்கு” என்கிறார்.

தொழிற்சாலையில் இவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்றால் போதும். பம்பு, மோட்டார், விசிறி என்று சுழல்கிற எதன் மீதும் அந்த ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டு, உள்ளே தண்டைத் தாங்கிச் சுழல விடுகிற பேரிங் எப்படி இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். வயது ஐம்பத்திரண்டு. பராமரிப்புப் பிரிவின் தலைமைப் பொறியாளர். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். இருபத்து மூன்று வருஷமாக அவருக்குப் பேரிங் எடுத்துக் கொடுக்கிறவன். ஆலை கேட்டுக்கு உள்ளே நான் அவரை ‘சார்’ என்பேன், வெளியே வந்ததும் ‘யோவ்’. அவருக்கு நான் இரண்டு இடத்திலும் ‘ஸ்டோர்’தான்.

மனிதர் உட்காரவே மாட்டார் என்று சொன்னால் பொய். உட்காருவார், உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் எழுந்துவிடுவார். அவர் அறை நாற்காலியோடு கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை எட்டு வருஷமாகக் கிழியாமல் இருக்கிறது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி காலையிலிருந்து மாலை வரை அலைவார். டீயை வாங்கி எங்காவது ஒரு மோட்டார் மேல் வைத்து மறந்துவிட்டு, ஆறிப்போனதற்கு டீக்காரரைத் திட்டுவார். மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது எழுந்து போய் ஏ.சி.க்குக் கீழே அண்ணாந்து நிற்பார். “நான் பேசிக்கிட்டிருக்கேன் சார்” என்றார் மேனேஜர் ஒருநாள். “பேசுங்க சார். அது உங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு” என்றார் இவர்.

இயந்திரங்களின் நோய்களுக்கு அவரிடம் தனி அகராதி உண்டு. ‘முனகுது’ என்றால் கிரீஸ் போட்டால் போதும். ‘இருமுது’ என்றால் ஒரு மாதம் தாங்கும். ‘பல்லைக் கடிக்குது’ என்று போனில் சொன்னால் நான் மறுகேள்வி கேட்காமல் அலமாரியைத் திறந்து புது பேரிங்கை எடுத்து மேஜையில் வைத்துவிடுவேன். சத்தத்துக்கு நடுவே வேலை செய்பவர்களுக்குக் காதடைப்பான் கட்டாயம். இவருடையது மட்டும் கழுத்தில் தொங்கும். “அதைப் போட்டுக்கிட்டா எனக்கு என்ன வேலை இங்க?” என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு பிரிவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் மாற்றலாகி வந்தார். அதிர்வை அளக்கிற மீட்டரோடு வந்ததால் அவர் மீட்டர் மேடம். இருவரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள், அவர் உட்கார்ந்து, இவர் நின்று. சண்டைக்கும் குறைவில்லை.

“உங்க டப்பா நம்பர்தான் சொல்லும் மேடம். வலி எங்கன்னு சொல்லுமா?”

“என் டப்பாவுக்குச் சளி பிடிக்காது சார்.”

மாதத்தில் ஒரு விடுமுறை நாள் நாங்கள் ஏரிக்கரைக்குப் போவோம். டாக்டர், நான், எங்கள் இருவருக்கும் பழைய சிநேகிதரான டைல்ஸ் கடைக்காரர். வண்டி கடைக்காரருடைய வேன். அதில் ஏறிய அரை மணி நேரத்துக்குள் டாக்டர் எதையாவது கண்டுபிடித்து வண்டியை ஓரங்கட்டச் சொல்லாமல் நாங்கள் ஏரியைப் பார்த்தது கிடையாது. “இந்த ஆளோட வந்தா ஏரி நம்மகிட்ட நடந்து வந்துடும்யா” என்பார் கடைக்காரர்.

போன மாதம் போகும்போது, பின்சக்கரத்தில் மெல்லிசாக ஒரு கீச்சொலி கிளம்பியது. எனக்கே கேட்டது. டாக்டர் என் பக்கத்தில், முழங்காலை ஆட்டிக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ சொல்லப் போகிறார், அதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. புகை வாடை வந்த பிறகுதான் துள்ளி எழுந்து, “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார். சக்கரம் தொட முடியாமல் கொதித்தது.

“என்னய்யா, உன் காது எங்க போச்சு?” என்றார் கடைக்காரர்.

“தூங்கிட்டேன்யா.”

கடைக்காரர் நம்பிவிட்டார். மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு அவர் நடந்ததும் நான் கேட்டேன். “யோவ், என் காதுல பூ சுத்தாத. நீ தூங்கல.”

வேனை இரண்டு சுற்று சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். “மெல்லிசு போச்சு ஸ்டோர். கனமான சத்தம் கேக்குது. கீச்சுன்னு வர்றது எதுவும் வர்றதில்ல. போன மாசம் ஜுரம்னு தெர்மாமீட்டர் வெச்சேன். அது பீப் பீப்னு அடிச்சு ஓய்ஞ்சிருக்கு, நான் பாட்டுக்குப் பத்து நிமிஷம் வாயில வெச்சிட்டிருக்கேன். பொண்ணு வந்து புடுங்கினா.”

“காது டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?”

“போய் என்னன்னு சொல்ல? தெரிஞ்சா மறுநாளே அந்த நாற்காலில உட்கார வெச்சிடுவானுங்க. எனக்கு வேற என்னய்யா தெரியும்?”

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. கோபத்துக்குக் காரணம், உலைக்கு மேலே புகையை இழுக்கிற பெரிய விசிறி. அதைப் பழுது பார்த்தால், டாக்டர் கேட்டுவிட்டு ‘ஓடட்டும்’ என்று சொல்கிற வரை ஒருவரும் கீழே போகக் கூடாது என்பது எங்கள் ஆலையில் எழுதாத சட்டம். அவர் சொன்ன பிறகு ஆறு பேர் அதற்கு நேர் கீழே நின்று வேலை செய்வார்கள். அந்த ஆறு பேரில் ஒருவன் என் தங்கை மகன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

“புதன்கிழமை பெரிய விசிறிக்கு பேரிங் மாத்தறோம்” என்றேன்.

“தெரியும்” என்று சொல்லிவிட்டு மறுபடி வேனைச் சுற்ற ஆரம்பித்தார்.

புதன்கிழமை வரை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் ‘ஓடட்டும்’ என்றால் அங்கேயே கத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கத்த மாட்டேன் என்பதும் எனக்கு உள்ளூரத் தெரியும். இருபத்து மூன்று வருஷப் பழக்கம் விடாது.

பதினொரு மணிக்கு விசிறியை ஓட விட்டார்கள். மீட்டர் மேடம் அளந்து பார்த்து, “கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு. ஆனா எல்லைக்குள்ள இருக்கு” என்றார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “டாக்டர் என்ன சொல்றார்?” ஆறு பேரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். என் மருமகனுக்கு எப்போதும் அவசரம், ஒரு கால் கோட்டின் மேலேயே இருந்தது.

டாக்டர் ஒரு பக்கத்து பேரிங்கில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டார். மறுபக்கம் போனார். திரும்ப முதல் பக்கம் வந்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. மூன்றாவது தடவையும் ஆனது.

“என்ன டாக்டர், இன்னிக்கு இவ்வளவு நேரம்?” என்றார் மேனேஜர்.

நிமிர்ந்து அந்த ஆறு பேரையும் ஒருமுறை பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, சுவிட்ச் பலகைக்கு நடந்து, சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தார்.

அவ்வளவு பெரிய விசிறி ஓய்வதற்கு மூன்று நிமிஷம் ஆகும்.

“என்ன கேட்டுச்சு?” என்றார் மேனேஜர்.

“ஒண்ணும் கேக்கல சார்.”

“கேக்கலன்னா நல்லதுதானே? எதுக்கு நிறுத்தினீங்க?”

“மேடத்தை விட்டு பேரிங்கைத் திறந்து பாக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, டாக்டர் வலது கை உறையைக் கழற்றினார். எல்லோரும் விசிறியைக் காட்டப் போகிறார் என்று அண்ணாந்து பார்த்தார்கள். அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கித் தன் காதை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.