கோடு மிதித்த வருஷம்

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ஆளில்லை, வாசலில் ஒரு பலகாரப் பெட்டி. எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் செயலியில் ஆர்டர் செய்து அனுப்பியிருந்தார்கள். நாலடி நடந்து வந்து கொடுக்க என்ன வெட்கமோ! அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது, எனக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனிதர்கள்தான். பெட்டியைத் திறந்தேன். தேங்காய் எண்ணெயில் பொரித்த முறுக்கு.

அந்த வாசனை நேரே நான் வளர்ந்த கரமனைக்குக் கொண்டுபோய்விட்டது. ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு. எனக்குப் பதினோரு வயது. அப்பா இல்லாத முதல் தீபாவளி.

அப்பா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். சில மாதங்களில் அதே ஆபீசில் அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். அதுவரை தெருமுனைக் காய்கறிக் கடையைத் தாண்டித் தனியாகப் போகாதவள், கைப்பை மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறினாள். வீட்டுச் சாவி என் கழுத்துக்கு வந்தது. எனக்கு அழுகையே வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எல்லாம். கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. "பாவம், கொழந்தைக்கு ஒண்ணும் புரியலை" என்று மாமிகள் என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். எல்லாம் புரிந்துதான் இருந்தது.

புரியாதது ஒன்றே ஒன்று. உலகம் ஏன் திடீரென்று இவ்வளவு நல்லதாகிவிட்டது? வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் பிரம்பெடுக்கும் கணக்கு டீச்சர், "ஸாரமில்ல மோளே" என்று மலையாளத்தில் பரவாயில்லை சொல்லித் தலையைத் தடவினார். அடுத்த வீட்டு ராஜி இன்னும் மோசம். விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னோடு சண்டை போட்டவள். தெருவில் பாண்டிக் கட்டம் போட்டு நொண்டியடிக்கும்போது, என் கால் கோட்டில் பட்டதா என்று தரையோடு குனிந்து பார்ப்பவள். இப்போது நான் வேண்டுமென்றே மிதித்தால்கூடப் பார்க்காத மாதிரி நின்றாள். "உன் ஆட்டந்தான், ஆடு." தினமும் ஜெயித்தேன். அதைப்போல எரிச்சல் வேறெதிலும் பட்டதில்லை. ஒருத்தியாவது என்னைப் பழையபடி நடத்த மாட்டாளா என்றிருந்தது.

துக்க வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது, அக்கம்பக்கத்தார் கொடுப்பார்கள். கொடுத்தார்கள். மற்றவர்கள் மறந்திருப்பார்கள் என்று ஒவ்வொரு வீடும் நினைத்ததோ என்னவோ, மத்தியானத்துக்குள் கூடம் முழுக்க எவர்சில்வர் டப்பாக்கள். "கடையே போடலாம் போலிருக்கே" என்று சிரித்துவிட்டாள் அம்மா. உடனே வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

வம்பு அதற்கப்புறம்தான். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். துக்க வீட்டிலிருந்தோ எதையும் போட்டுக் கொடுக்கக் கூடாது. அம்மா யோசித்து யோசித்து அப்படியே விட்டுவிட்டாள். தெருவும் கேட்கவில்லை; கேட்டால் நன்றாகவா இருக்கும்? இப்படியாகத் தெருவின் டப்பாக்கள் எங்கள் பரணில் குடியேறின. பாதி வீடுகளில் காப்பிப்பொடி பொட்டலத்திலேயே கிடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

கார்த்திகை சமயம் ஒரு சாயங்காலம், வழக்கம்போல் கோட்டில் கால் வைத்தேன். ராஜிக்குப் பொறுமை போயிற்று.

"கள்ளக்களி! மிதிச்சே, நான் பார்த்தேன்! உங்கப்பா செத்துப்போயிட்டார்னா நீ கோட்டை மிதிக்கலாமோ? எங்காத்து டப்பாவையும் வேற வெச்சுண்டு!"

அதுவரை எல்லோரும் 'இப்படி ஆயிடுத்தே' என்றுதான் சொல்லியிருந்தார்கள். செத்துப்போய்விட்டார் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் ராஜி. அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைக் கடித்தாள். வலித்தது. அவள் அம்மா ஓடிவந்து அவள் முதுகில் இரண்டு போட்டாள். "அவளை அடிக்காதீங்கோ மாமி, நான்தான் மிதிச்சேன்!" என்று கத்திக்கொண்டே அழ ஆரம்பித்தேன். அப்பாவுக்காக அழுதது அன்றைக்குத்தான். ராஜியும் கூடவே அழுதாள், அது அடிபட்டதற்கு.

இன்றைக்கு அந்தத் தெருவில் பாண்டிக் கட்டம் போட இடமில்லை, இரண்டு பக்கமும் கார்கள். ராஜி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அம்மா போன மூன்றாம் நாள் போன் பண்ணினாள்.

"நியூஸ் கேட்டேன்டி. டேக் கேர். எதுவானாலும் சொல்லு, கேட்டியா."

குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. எனக்கு இந்தத் தடவையும் அழுகை வரவில்லை, இதுவரைக்கும் வரவில்லை. அதனால்தான் வேண்டுமென்றே சீண்டினேன்.

"மூணு நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துதாக்கும் உனக்கு?"

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொல்றது சரிதான்" என்றாள் ராஜி. "என் தப்புதான்."