குதிரைக்கு லீவு விட்டவர்

மோகனூர் காவிரிக்கரையில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுபவர் அவர். நரைத்த மீசை, முழங்கால் வரை சுருட்டிய பேண்ட். என் மூன்று வயது மகள் ஏறியே தீருவேன் என்று அடம்பிடித்த அன்று, தையல்காரர் டேப்பால் குதிரையின் நெஞ்சைச் சுற்றி அளந்துகொண்டிருந்தார்.

"சட்டை தைக்கவா?" என்றேன்.

"வயித்துப் பூச்சி மருந்துக்குங்க அம்மிணி. நெஞ்சளவை வெச்சுத்தான் எடை தெரியோணுமில்லீங்க? குத்துமதிப்பாக் கம்மியாக் குடுத்தா, பூச்சி சாகாம மருந்துக்குப் பழகிக்கும்."

கடைவாயில் மருந்தைப் பீய்ச்சி, குதிரை விழுங்கும்வரை அதன் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தார். "உட்டாத் துப்பிப்போடுமுங்க, கள்ளன்!"

எனக்கு உடனே பயம். "இந்தப் பூச்சி குழந்தைக்கு ஒட்டிக்குமா?"

"குதிரைப் பூச்சி குதிரைக்குத்தானுங்க. பாப்பாவுக்குப் பூச்சி மாத்திரை குடுத்துட்டீங்களா?"

அங்கன்வாடியில் கொடுத்த மாத்திரை, ஒத்துக்கொள்ளுமோ என்ற யோசனையில், இரண்டு வாரமாக என் கைப்பையில்தான் இருந்தது. டாக்டரிடமே இரண்டு முறை கேட்டிருந்தேன். "இன்னைக்குக் குடுக்கணும்" என்று முணுமுணுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "குடுத்துப்போட்டு நாளைக்குக் கூட்டியாங்க. இவனுக்கும் இன்னைக்கு லீவுதானுங்க."

டாக்டர் சொல்லியும் தீராத சந்தேகம் அவரிடம் எப்படித் தீர்ந்தது என்று இன்றும் புரியவில்லை. வீடு போகும்வரைகூடப் பொறுக்காமல், பஸ் ஸ்டாண்டிலேயே மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டேன்.