பூதலூர் மருதமரமும் பெரிய அந்துப்பூச்சியும்

போன சனிக்கிழமை பூதலூர் போனேன். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் கபீர் முந்தின நாள் அனுப்பிய ஒரு படம்தான் காரணம். உள்ளங்கையை மறைக்கிற அளவுக்கு ஒரு அந்துப்பூச்சி, இறக்கைக்கு ஒன்றாகக் கண் போன்ற வட்டம். வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நான் லேசில் நம்புவதில்லை. ஆனால் கீழே, "பக்கத்து வயல்காரர் செல்வம் இது இருக்கற மருதமரத்தை வெட்டப்போறார், சீக்கிரம் வாங்க" என்று எழுதியிருந்தார்.

தஞ்சாவூரிலிருந்து காலை பாசஞ்சர் ரயிலில் அரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் வாங்கினார். வெளியூர்க்காரன் என்று மோப்பம் பிடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பூச்சி நிஜம்தான். டசார் பட்டு தருகிற வகை. கபீர் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, உள்ளே வாழைப்பழம் வைத்திருந்தார். தொடவே இல்லையாம். "செல்வம் அடிச்ச மருந்துதாங்க இதைச் சாகடிக்குது" என்றார். இந்த அந்துப்பூச்சிக் குடும்பத்தில் முழுதாக வளர்ந்த பூச்சி எதுவும் சாப்பிடாது, வாய் வேலை செய்யாது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குள் செல்வமே வந்துவிட்டார். "இதுதாங்க குருத்துப்பூச்சிக்குத் தாய். ரெண்டும் ஒண்ணாத்தான் லைட்டுக்கு வருது."

குருத்துப்பூச்சி, புழுவாக இருக்கையில் நெல் தண்டைக் குடைந்து குருத்தைக் காய வைக்கிற சின்ன அந்துப்பூச்சி. அது வேறு குடும்பம், இது பட்டுப்பூச்சிக்குப் பங்காளி, இரண்டு கிளையும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று விளக்கினேன். லென்ஸ் வைத்து அதன் வேலை செய்யாத வாயையும் காட்டினேன்.

"பூச்சி திங்காது, சரி. புழு திங்குமுல்ல? பயிரை அழிக்கறது புழுதானே?" என்றார் செல்வம்.

நியாயமான கேள்வி. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மரத்திலிருந்து ஒரு பச்சைப் புழுவை எடுத்து, அவர் வயல் பயிரோடு ஒரு டப்பாவில் விட்டோம். மத்தியானம் வரை பயிரை அது சீண்டவில்லை. மருத இலையை வைத்ததும் ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது.

"நம்ம முன்னாடி நடிக்குதோ என்னமோ" என்றார் செல்வம். பிறகு, "அறுப்பு வரைக்கும் விடறேங்க. அதுக்குள்ள ஒரு குருத்து காஞ்சாலும் மரம் இருக்காது."

கபீர் கூடையைத் திறந்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: லென்ஸ் எடுத்துப் போங்கள், ஆட்டோவில் பேரம் பேசுங்கள், பூச்சியை அடைக்காதீர்கள். வளர்ந்தபின் அதற்குச் சில நாட்கள்தான் ஆயுள். மரத்தைப் பார்க்க வேண்டுமானால் சீக்கிரம் போய்விடுங்கள். நான் சொன்னதில் தப்பில்லை, புழுவும் நெல்லைத் தொடவில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. குருத்துப்பூச்சி வராத சம்பாவை அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லை.