மணிக்கூண்டில் எரியாத ஒரு பல்பு

தசராவுக்குக் கட்டடங்களில் பல்பு கட்டுவது என் தொழில். ஆயிரம் எரிந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஒன்று எரியாவிட்டால் ஊரே பேசும். உங்கள் வேலையும் அப்படித்தான் என்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

முள்ளும் காலும்

கயிற்றில் தொங்கிக் கட்டுகிறவனுக்குத் தன் வேலை தெரியாது. கண்ணுக்கு முன்னால் சுவரும் ஒயரும்தான். எல்லாம் எரிகிறதா என்று கீழே போகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். மைசூரு மணிக்கூண்டின் உச்சியிலிருந்து, மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு வந்த ஒருவரைக் கத்திக் கூப்பிட்டேன். நின்று, நிதானமாக அண்ணாந்து பார்த்தார். "அண்ணா, உங்க காலு முள்ளை மறைக்குது, கொஞ்சம் தள்ளுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

டவுன் ஹால் ஜோடி

டவுன் ஹால் முகப்பில் பாதி கட்டி முடித்திருந்தேன். கல்யாண போட்டோ எடுக்க வந்த பெண், படத்தில் ஒயர் விழுகிறது, கழற்றுங்கள் என்றாள். தசரா வேலையம்மா, முடியாது என்றேன். அவளா விடுவாள்? "தசரா வருஷா வருஷம் வருது, எங்க கல்யாணம் ஒரே தடவைதான்!"

ரோஷம்

போன வருஷம் மணிக்கூண்டில் ஒரு பல்பு கடைசிவரை இருட்டாகவே நின்றது. இந்த வருஷமும் அப்படியானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றுகூட விடக் கூடாது என்று ஒவ்வொரு பல்பாக எரியவிட்டுப் பார்த்துத்தான் மாட்டினேன். கூட வேலை செய்யும் மாரி சலித்துப்போனான். "பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீ இப்படிப் பாத்திருக்க மாட்டே!"

பார்க்க வந்தவள்

தசராவுக்கு முந்தின நாள் சாயங்காலம், காண்டிராக்டர் வந்து பார்ப்பதற்கு முன் ஒரு தடவை எரியவிட்டோம். கொள்ளேகாலிலிருந்து என் மனைவி தங்கமணியை வரவழைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலையை அவள் பார்த்ததே இல்லை. அரண்மனை வாசல், டவுன் ஹால், மணிக்கூண்டு எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. கீழே நின்று பார்த்த எனக்கே கண் கலங்கியது. அவள் அண்ணாந்து ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்தாள். நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். "ஏனுங்க, மணிக்கூண்டு உச்சீல எடது பக்கம் ஒண்ணு எரியலீங்க."

காண்டிராக்டரின் ஜீப் வருவதற்குள் ஏறி மாற்றி இறங்கினேன், வேலை பிழைத்தது. அடுத்த தசராவிலிருந்து மேலே தொங்குவது நான், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது தங்கமணி.