மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னவர்

எங்கள் மேலாளர் இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு மழைநாள் மதியம் அவரிடமிருந்து எனக்கு மெயில் வந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பம்புகளுக்கு இரும்பு வார்த்துக் கொடுக்கும் ஃபேக்டரி ஒன்றில் நான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கேட் பாஸ், வருகைப் பதிவு, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், யாராவது ரிட்டயர் ஆனால் சால்வை, மாலை என்று எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். கம்பெனிக்காக எதையாவது வாங்கி வரச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கிளம்புகிற ஆள் நான்தான். அது தெரிந்துதான் அந்த மெயில் என்னிடம் வந்திருக்க வேண்டும்.

மேலாளர் மீஞ்சூர்க்காரர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். மெயிலில் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். யாருக்கு எழுதினாலும் முதல் வரி 'சாப்டாச்சா?' என்றுதான் இருக்கும். சரக்கு லேட்டானதற்குத் திட்டி எழுதுகிற மெயிலும் அப்படித்தான் தொடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்கப் போனவர் பாத்ரூமிலேயே விழுந்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் போயிருந்தோம். மூக்கில் பஞ்சு வைத்திருந்த அந்த முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் கம்ப்யூட்டரில் அவர் பெயர் தடித்த எழுத்தில் வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவருடைய அதே மெயில் முகவரி. திறந்தேன்.

'சாப்டாச்சா மா? ஃப்ரீயா இருக்கியா? ஒரு சின்ன வேலை.'

பயம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே என் விரல் கீபோர்டுக்குப் போய்விட்டது. 'ஆச்சு சார்' என்று அடித்தும் விட்டேன். அனுப்பப் போகும்போதுதான் முதுகில் ஈரத்துணியைப் போட்டமாதிரி ஆயிற்று. அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மதியத்திலேயே ஆபீசில் லைட் போட்டிருந்தார்கள்.

பக்கத்து சீட்டில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இன்னாமா இது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மெயில் வந்து விழுந்தது. 'நான் மீட்டிங்ல இருக்கேன். போன் எடுக்க முடியாது. ஸ்டாஃபுக்குக் குடுக்க கிஃப்ட் கார்டு வாங்கணும். உடனே வேணும். யார்கிட்டயும் சொல்லாத, சர்ப்ரைஸா இருக்கட்டும். கார்டு பின்னாடி சொரண்டி, நம்பரை போட்டோ எடுத்து அனுப்பு.'

அண்ணன் மூச்சை விட்டார். "திருட்டுப்பய. நான்கூட ஒரு நிமிஷம் இன்னாமோன்னு நெனச்சிட்டேன். போன் எடுக்க மாட்டேன், அவசரம், யார்கிட்டயும் சொல்லாதே, சொரண்டி நம்பர் அனுப்பு. இந்த நாலும் ஒண்ணா வந்தா அது எவனா இருந்தாலும் திருடன்தான். அந்த நம்பரு போச்சின்னா பணம் போன மாதிரி. கார்ட கையில வெச்சிக்கினு நாம நாக்க வழிச்சிக்கலாம்."

திருடன் என்று தெரிந்ததும் நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவர் உயிரோடு இருந்து, இரண்டு நாள் லீவில் போயிருந்தால், நான் அந்நேரம் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பியிருப்பேன். சாவு ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியிருந்தது.

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் சென்னையில் இருக்கிறார். போன் போட்டோம். அவர் அங்கிருந்தபடியே மேலாளரின் மெயில் பெட்டிக்குள் போய்ப் பார்த்தார்.

"மேடம், யாரோ ரொம்ப நாளா உள்ள உக்காந்துக்கினு இருக்கான். எல்லாத்தயும் படிச்சிருக்கான். அவரு யாருக்கு எப்டி எழுதுவாருன்னு நல்லா பழகிக்கினான்."

"அவரு இறந்தது அவனுக்குத் தெரியாதா?"

"எப்டித் தெரியும்? செத்தவருக்கே யாரும் சாவு சேதி மெயில் போட மாட்டாங்களே."

பெட்டியைப் பூட்டிவிட்டதாகச் சொன்னவர் உடனே போனை வைக்கவில்லை. "இன்னொருத்தருக்கும் இதேமாதிரி போயிருக்கு மேடம். கரண்ட் பில்லு, ரயில் டிக்கெட்டெல்லாம் அவரு அனுப்பி வெக்கிற ஐடி. அவங்க ஊட்டம்மான்னு நெனைக்கிறேன். புது வாட்ஸப் நம்பர் ஒண்ணு குடுத்து அதுல பேசச் சொல்லியிருக்கான். அவங்களும் சரின்னு பதில் போட்டிருக்காங்க."

மேலாளரின் மனைவியான அந்த அம்மாவுக்குப் போன் செய்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. அண்ணனும் நானும் மீஞ்சூருக்கு அடுத்த ரயிலைப் பிடித்தோம். பொன்னேரி தாண்டியதும் மழை விட்டது. இருபுறமும் வயலில் தண்ணீர் நின்று வானத்தின் சாம்பல் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

மீஞ்சூரில் கதவு திறந்தே இருந்தது. ஹாலில் மேலாளரின் படம், மாலை, ஒரு விளக்கு. அந்த அம்மா தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். பக்கத்தில் இரண்டு கிஃப்ட் கார்டுகள். ஒன்று சுரண்டியிருந்தது. வெள்ளித்தூள் புடவையில் ஒட்டியிருந்தது. இன்னொன்றின் கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

"வாங்க" என்றார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, அது சார் இல்லம்மா. யாரோ ஏமாத்துறான்."

"எனுக்குத் தெரியாதாம்மா?" என்றார். "கொள்ளி வெச்சிட்டு வந்தது என் புள்ளதானே. காரியம் முடிச்சிட்டு அவன் ஓசூருக்குப் போய்ட்டான். அன்னிக்கி சாயந்திரம் இது வந்துச்சி. சாப்டாச்சான்னு கேட்டுச்சி. இல்லன்னு போட்டேன். போய் சாப்டு மொதல்லன்னு சொல்லிச்சி. அதே மாதிரி. நானும் எழுந்திரிச்சிப் போய் சாப்ட்டேன்."

அவர் 'அது' என்றுதான் சொல்லிக்கொண்டு போனார்.

"அப்புறம் கார்டு கேட்டுச்சி. ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். குடுக்கலன்னா பேச்சு நின்னு போயிடும்ல?"

அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. திரையில் மேலாளரின் படம். கம்பெனி ஆண்டு விழாவில் எடுத்தது, நீலச் சட்டை. 'இன்னாமா, ரெண்டாவது கார்டு எங்க?'

"பதில் போடாதீங்கம்மா" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார். நிதானமாக அடித்தார். 'நீங்க இப்ப எங்க இருக்கீங்க?'

படத்துக்குக் கீழே, டைப் செய்துகொண்டிருப்பதாக எழுத்து வந்தது. போயிற்று. மறுபடி வந்தது.

'மீட்டிங்ல. நெறைய பேர் இருக்காங்க. என்னால வெளிய வர முடியல.'

அண்ணன் "முருகா" என்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் அந்த ஹாலில் காற்றே இல்லாத மாதிரி இருந்தது. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த அம்மா இன்னொன்று அடித்தார். 'நீங்க செத்துப் போய்ட்டீங்க.'

இரண்டு டிக்கும் நீலமாயின. படித்துவிட்டார்கள். நாங்கள் மூவரும் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தோம். அந்தப் பக்கம் இருக்கிறவன் பயந்து ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். இல்லை, சிரிப்பான். திட்டுவான். எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

'சரிமா. கார்டு எப்ப அனுப்புவ?'

அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பியதுபோல இருந்தது. போனை என் பக்கம் தள்ளினார்.

"இது அவரு இல்ல" என்றார், அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல. "செத்துப் போய்ட்டீங்கன்னு சொன்னா, அவரா இருந்தா என்னைய நெனச்சி அழுவாரு. இன்னா பண்ணணுமோ பண்ணிடுமா."

பேசியதை எல்லாம் படம் பிடித்து வைத்துக்கொண்டு அந்த எண்ணை பிளாக் செய்தேன். பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். சாவன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அண்ணன் அடுப்படிக்குள் போய் அவராகவே டீ போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஓசூரிலிருந்து மகன் வந்தார். சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். முதல் கார்டு அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே எங்கோ செலவாகிவிட்டிருந்தது, திரும்பக் கிடைக்காது என்றார்கள். அந்த எண் பிறகு சுவிட்ச் ஆஃபிலேயே கிடந்தது. சுரண்டாத கார்டை வைத்து மகன் அம்மாவுக்கு ஒரு நல்ல ரெயின்கோட் வாங்கிக் கொடுத்தார்.

அந்த அம்மா பிறகு தன் தெருப் பெண்களிடம் இதை மறைக்காமல் சொன்னார். வள்ளூரில் அவருடைய நாத்தனார் ஒருவருக்கு, துபாயில் இருக்கும் மகன் பெயரில் இதேபோல மெசேஜ் வந்ததாம். "நம்பர பிளாக் பண்ணு, புள்ளைக்கு நேரா போன் போட்டுக் குரலக் கேளு" என்று இவர்தான் தடுத்தாராம். எனக்குப் போன் செய்து சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

ஆபீசுக்குப் புது மேலாளர் வந்தார். வந்த முதல் வாரமே அவரிடமிருந்து ஒரு மெயில்: சாயந்திரம் ஒரு கேக் வேண்டும், அவசரம். நான் எழுந்து போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

"மெயில் போட்டேனே, பாக்கலையா?" என்றார்.

"பாத்தேன் சார். நீங்கதானான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் சிரித்தார். வெளியே தன் சீட்டில் இருந்த அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, கண்ணாடித் தடுப்பு வழியாக, அவரும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.